கோட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது? எல்லையைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்

பொகவந்தலாவைப் பக்கம் தோட்டப் பாடசாலை ஒன்றில் புதிதாக ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கியிருக்கும் ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது: "எட்ஜ், போர்டர், பவுண்டரி, லிமிட், மார்ஜின், ரிம், வெர்ஜ், பிரிங்க் என்று எதைத் தேடினாலும் அகராதியில் எல்லை, ஓரம், விளிம்பு என்ற மூன்று சொற்களே மாறி மாறி வருகின்றன. சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு இவற்றை எப்படிப் பிரித்துச் சொல்வது? எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் நடுவில் இருப்பது போர்டரா, பவுண்டரியா?"

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: அது பவுண்டரி. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதில்.

பிள்ளைகளுக்கு முதலில் ஒரு தைரியத்தைக் கொடுங்கள். இப்படிப் பிரித்துப் பேசுவது அவர்களுக்குப் புதிய வித்தை அல்ல. "மேசையின் எல்லையில் கோப்பையை வைக்காதே" என்று எந்த அம்மாவும் சொல்வதில்லை, மேசைக்கு ஓரம்தான். வயலுக்கு வரப்பு, ஆற்றுக்குக் கரை, சேலைக்கும் கரை, ஊருக்கு எல்லை, கத்திக்கு வாய். யாரும் கற்றுக்கொடுக்காமலே ஐந்து வயதுப் பிள்ளை இவற்றைச் சரியாகச் சொல்கிறது. ஆங்கிலமும் அதே வேலையைத்தான் செய்கிறது, வேறு இடங்களில் வெட்டிப் பிரித்துக்கொண்டு. ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று மனப்பாடம் செய்ய வைப்பதால்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். அந்தப் பட்டியலை ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேட்கப் பழக்குங்கள்: கோட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லையா, இன்னொருவர் இருக்கிறாரா, பள்ளம் இருக்கிறதா, தடை இருக்கிறதா? பதில் மாறும்போது சொல்லும் மாறும்.

எட்ஜ் என்பதில் தொடங்குவோம். ஒரு பொருள் தானாக முடிந்துபோகும் இடம் எட்ஜ். அப்பால் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி இந்தச் சொல்லுக்குக் கவலை இல்லை; பொருள் இங்கே முடிகிறது, அவ்வளவுதான். பழைய ஆங்கிலத்தில் இது வாளின் கூரிய பக்கத்தைக் குறித்தது. அந்தக் கூர்மை இன்றைக்கும் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கவ்வாத்துக் கத்தியைத் தீட்டும்போது நாம் தீட்டுவது அதன் எட்ஜைத்தான். ஒருவர் பதற்றத்தோடு இருந்தால் அவர் 'ஒன் எட்ஜ்'. போட்டியில் ஒருவர் மற்றவரைவிடச் சற்று முந்தி நின்றால் அவருக்கு 'அன் எட்ஜ்' இருக்கிறது என்பார்கள். இந்த இரண்டுக்கும் கத்தி வாய்தான் மூலம் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு மறக்காது.

எட்ஜ் வேறு, பவுண்டரி வேறு என்பதைக் காட்ட ஹோர்ட்டன் சமவெளியைவிட நல்ல இடம் நமக்கு இல்லை. அங்கே 'உலக முடிவு' என்று பெயர் பெற்ற செங்குத்தான இடத்தில் போய் நின்றால் சமவெளி திடீரென்று அறுந்து கீழே விழுகிறது. அது எட்ஜ். மலையும் மழையும் காலமும் சேர்ந்து செய்த விளிம்பு. மனிதன் யாரும் அதைத் தீர்மானிக்கவில்லை. காலை ஏறியதும் மூடுபனி வந்து மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் அது அங்கேயேதான் இருக்கும். அதே ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது அதற்கு ஒரு பவுண்டரியும் வந்தது. அதை மனிதர்கள் வரைபடத்தில் கோடாக வரைந்தார்கள். இன்னொரு வர்த்தமானி அறிவித்தல் வந்தால் அந்தக் கோடு நகரலாம். எந்த வர்த்தமானியாலும் உலக முடிவின் எட்ஜை ஓர் அங்குலம் நகர்த்த முடியாது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிள்ளை பிடித்துக்கொண்டால் பாதித் தூரம் கடந்தாயிற்று.

பவுண்டரி என்பது மனிதர்கள் ஒத்துக்கொண்ட கோடு. அப்பால் இன்னொருவருடைய உரிமை தொடங்குகிறது. கோட்டுக்கு அகலம் இல்லை. இந்தப் பக்கம் உனது, அந்தப் பக்கம் எனது. ஆகவே காணி என்று வந்தால் சொல் எப்போதும் பவுண்டரிதான். நம் மக்களுக்கு இது வெறும் இலக்கணம் அல்ல. லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டுக் காம்பராவில் பரம்பரையாக வாழ்ந்தவர்களுக்குத் தனி வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணி கொடுக்கப்பட்டபோது, வாழ்க்கையில் முதன்முறையாகத் தங்கள் பெயரில் ஒரு பவுண்டரி வந்தது. 160 பேர்ச்சஸ் ஓர் ஏக்கர். அப்படிப் பார்த்தால் 7 பேர்ச்சஸ் மிகச் சிறிய துண்டு. ஆனாலும் நான்கு பக்கமும் பெயர் சொல்லி எழுதப்பட்ட துண்டு.

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட காணி உறுதி ஒன்று கிடைத்தால் அதன் அட்டவணைப் பகுதியை வகுப்பில் சத்தமாக வாசிக்கச் செய்யுங்கள். 'பவுண்டட் ஒன் த நோர்த் பை' என்று தொடங்கி வடக்கில் இன்னாருடைய காணி, கிழக்கில் பாதை, தெற்கில் ஓடை, மேற்கில் தேயிலை மலை என்று வரிசையாகப் போகும். 'பவுண்டட்' என்பது பவுண்டரியின் வினை வடிவம். கட்டுதல் என்ற பொருளில் வரும் 'பைண்ட்' என்பதன் இறந்தகால வடிவமும் எழுத்தில் இதைப் போலவே தொடங்குவதால் பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். அது வேறு வேர், இது வேறு வேர். அளவு சொல்லும் இடம் அதற்குப் பிறகு வரும். ஏக்கர், றூட், பேர்ச்சஸ் என்று மூன்று எண்கள். இவ்வளவையும் வாசித்து விளங்கிக்கொள்ளத் தெரிந்த பதினாறு வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால், யாரோ நீட்டும் காகிதத்தில் அந்தக் குடும்பம் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடாது. ஆங்கிலச் சொற்களின் நுணுக்கத்தை மலையகப் பிள்ளைகளுக்கு எதற்காகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

நிர்வாகப் பிரிவுகளுக்கும் இதே சொல். மாகாணம், மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம உத்தியோகத்தர் பிரிவு எல்லாவற்றுக்கும் பவுண்டரிதான். மத்திய மாகாணத்துக்கும் சப்ரகமுவ மாகாணத்துக்கும் இடையிலான பவுண்டரி சிவனொளிபாத மலையில்தான் இருக்கிறது. ஹட்டன் வழியாக ஏறுபவர் நுவரெலியா மாவட்டத்திலிருந்து ஏறுகிறார், இரத்தினபுரி வழியாக ஏறுபவர் மறுபக்கத்திலிருந்து. 2018 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்னர் அம்பகமுவ பிரதேச சபை பிரிக்கப்பட்டு மஸ்கெலியா, நோர்வூட் சபைகளும், நுவரெலியா பிரதேச சபை பிரிக்கப்பட்டு அக்கரப்பத்தனை, கொட்டகலை சபைகளும் உருவாயின. மலை நகரவில்லை, ஆறு நகரவில்லை, பவுண்டரி மட்டும் மாறியது. கடலுக்குக்கூட இதே சொல்தான். இந்தியாவும் இலங்கையும் 1974இலும் 1976இலும் செய்துகொண்ட கடல் ஒப்பந்தங்கள் இரண்டின் தலைப்பிலும் பவுண்டரி என்ற சொல்தான் இருக்கிறது, போர்டர் இல்லை. ஒப்பந்தம் போட்டு வரையும் கோடு பவுண்டரி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் போர்டர் என்ன? நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையில் இருப்பது என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது ஒன்று: போர்டருக்கு அகலம் உண்டு. அது கோடாகவும் இருக்கலாம், கோட்டை ஒட்டிய பட்டையாகவும் இருக்கலாம். 'போர்டர் டவுன்' என்றால் கோட்டின் மேல் நிற்கும் ஊர் அல்ல, கோட்டுக்கு அருகில் இருக்கும் ஊர். சேலையைக் காட்டி இதைச் சொல்லுங்கள். சேலையின் கரையை வீட்டில் எல்லோருமே போர்டர் என்றுதான் சொல்கிறோம். சேலை முடிகிற அந்த நூலிழை அதன் எட்ஜ். அதற்கு உள்ளே நான்கு விரல் அகலத்துக்குச் சரிகை ஓடுகிறதே, அது போர்டர். துணி ஒன்றுதான், சொல் இரண்டு. ஹக்கல தாவரவியல் பூங்காவில் பாதையோரம் நீளமாகப் பூச்செடிகள் நட்டிருக்கிறார்களே, அந்தப் பாத்தியையும் ஆங்கிலத்தில் போர்டர் என்பார்கள்.

இங்கே ஒரு கவனம். தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் இடையில் இருப்பது பவுண்டரி என்றேன். ஆனால் போர்டரை வினைச்சொல்லாகப் பயன்படுத்தினால் தோட்டத்துக்கும் பொருந்தும். "எங்கள் தோட்டம் காட்டை ஒட்டி இருக்கிறது" என்பதற்கு 'போர்டர்ஸ் த ஃபொரஸ்ட்' என்று எழுதலாம், அது மிக நல்ல ஆங்கிலம். அண்டை அயலாக இருப்பதைச் சொல்லும் வினை அது. அதோடு 'ஒன்' சேர்ந்து 'போர்டர் ஒன்' என்று வந்தால் "கிட்டத்தட்ட அதுவாகவே ஆகிவிட்டது" என்ற பொருளும் வரும். ஒருவருடைய துணிச்சல் முட்டாள்தனத்தைக் கிட்டத்தட்ட எட்டிவிட்டது என்று சொல்ல வேண்டிய இடங்களில் இப்படி எழுதுவார்கள். 'போர்டர்லைன்' என்பதைப் பரீட்சையோடு சேர்த்துச் சொன்னால் உடனே புரியும்: சாதாரண தரத்தில் 35 புள்ளிக்கு எஸ் சித்தி, 34க்கு டபிள்யூ, அதாவது சித்தியில்லை. அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை போர்டர்லைன்.

ஃபிரன்டியர் என்ற சொல் இப்போது செய்தியில் குறைவாகவே வரும், ஆனால் வரலாற்றுப் பாடத்தில் வரும். அதன் வேரில் நெற்றி என்ற பொருள் இருக்கிறது. எதிரியை நோக்கி முகம் திருப்பி நிற்கும் எல்லை. 1815இல் கண்டி வீழும்வரை, கரையோரத்தைப் பிடித்து வைத்திருந்த ஐரோப்பியருக்கும் மலைநாட்டு அரசுக்கும் இடையில் இருந்தது இப்படிப்பட்டதுதான். கணவாய்களில் முட்கதவு போட்டுக் காவல் வைத்திருந்தார்கள். அது துல்லியமான கோடு அல்ல, இரண்டு அதிகாரங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த நிலப்பரப்பு. அப்பால் இருப்பது பகையோ, இன்னும் அறியப்படாததோ என்றால் ஃபிரன்டியர். அறிவியலின் ஃபிரன்டியர் என்று சொல்வதும் இந்தப் பொருளில்தான்.

லிமிட்டுக்கு வருவோம். அப்பால் தடை இருந்தால் லிமிட். இதுவரை போகலாம், இதற்கு மேல் கூடாது அல்லது முடியாது. ஆகவே நிலத்தைவிட அளவுக்கும் அதிகாரத்துக்கும் இது அதிகம் பொருந்தும்: வேகம், வயது, செலவு, பொறுமை. "நுவரெலியா மாநகர சபை எல்லைக்குள்" என்று தமிழ் அறிவித்தலில் இருப்பதை ஆங்கிலத்தில் 'மியுனிசிப்பல் லிமிட்ஸ்' என்று எழுதுவார்கள். சபையின் அதிகாரம் அதற்கு அப்பால் செல்லாது என்பதே அங்கே முக்கியம், அதனால்தான் அந்தச் சொல். அதே கோட்டை நில அளவையாளர் பார்த்தால் பவுண்டரி என்பார். ஒரே கோடு, பார்ப்பவர் எதற்காகப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

லிமிட்டைச் சொல்லும்போதே திரெஷோல்ட் என்பதையும் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் மலையகத்தில் அது உயிரோடு சம்பந்தப்பட்ட சொல். லிமிட் என்பது முடியும் இடம். திரெஷோல்ட் என்பது ஒன்று தொடங்கும் இடம். வீட்டு நிலைப்படியைத்தான் அந்தச் சொல் முதலில் குறித்தது. அதைத் தாண்டினால் உள்ளே வந்துவிட்டோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும்போது மழையளவை இப்படித்தான் பார்க்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், அவதானமாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், புறப்படத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால் சிவப்பு, வெளியேறிவிட வேண்டும். இந்த எண்களை லிமிட் என்று விளங்கிக்கொள்பவர் "150 வரை ஆபத்தில்லை" என்று நினைத்துவிடுவார். அது தவறு. ஒவ்வோர் எண்ணும் ஒரு வாசற்படி; அதைத் தாண்டியதும் ஆபத்தின் அடுத்த அறைக்குள் நிற்கிறோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லைச் சரியாகச் சொல்லிக்கொடுப்பது நம் கடமை.

மார்ஜின் எனக்கு மிகவும் பிடித்த சொல், அதில் சற்றுத் தங்க அனுமதியுங்கள். மற்றச் சொற்கள் கோட்டுக்கு அப்பால் பார்க்கின்றன. மார்ஜின் கோட்டுக்கு இப்பால், உட்பக்கம் பார்க்கிறது. விளிம்பை ஒட்டி உள்ளே விடப்பட்ட இடம் அது. அப்பியாசக் கொப்பியில் இடது பக்கம் சிவப்புக் கோடு போட்டு விடுகிறோமே, அந்த வெற்றிடம் மார்ஜின். தாள் முடியும் இடம் எட்ஜ். வியாபாரத்தில் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் மிஞ்சும் இடமும் மார்ஜின்தான். அளவையில் பிழைக்கு விடும் இடமும் மார்ஜின்தான். மூன்றிலும் ஒரே எண்ணம்: நடுவில் விட்டு வைத்த இடைவெளி.

தாவரவியலில் மட்டும் இது கொஞ்சம் விலகுகிறது. இலையின் விளிம்பை எட்ஜ் என்று சொல்லாமல் மார்ஜின் என்றே பாடப்புத்தகம் சொல்லும். அடுத்த வகுப்புக்குப் பிள்ளைகளிடம் ஒரு முற்றிய தேயிலை இலையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கொழுந்து வேண்டாம், அதில் தெளிவாகத் தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விளிம்பு முழுக்கச் சிறு அரத்தின் பற்கள் போல் வரிசையாகத் தெரியும், எல்லாப் பற்களும் நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கும். காம்பை நெருங்க நெருங்கப் பற்கள் மழுங்கி விளிம்பு வழுவழுப்பாகிவிடும். விரல் நுனியால் காம்பிலிருந்து மேல்நோக்கித் தடவினால் தடங்கல் இல்லை, நுனியிலிருந்து கீழ்நோக்கித் தடவினால் சொரசொரக்கும். இதைத்தான் 'செரேட்டட் மார்ஜின்' என்கிறார்கள். தாயும் பாட்டியும் வாழ்நாள் முழுவதும் பறித்த செடியின் இலையில் இந்தச் சொல்லைக் கற்ற பிள்ளைக்கு உயிரியல் பாடத்தில் அது ஒருபோதும் அந்நியமாக இராது.

'மார்ஜினல்' என்று பெயரடையாக வந்தால் பொருள் மாறுகிறது. தேயிலைத் துறை அறிக்கைகளில் 'மார்ஜினல் லேண்ட்' என்று வாசித்தால், தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் காணி என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். செலவுக்கும் வரவுக்கும் இடையில் ஒன்றும் மிஞ்சாத, விளைச்சல் குறைந்த காணி என்று பொருள். அது தோட்டத்தின் நட்டநடுவிலும் இருக்கலாம்.

'மார்ஜினலைஸ்ட்' என்ற சொல் நம் சமூகத்தைப் பற்றி எழுதப்படும் ஆங்கிலக் கட்டுரைகளில் தவறாமல் வரும். தமிழில் விளிம்புநிலை என்கிறோம். சொல்லின் படத்தை மனதில் வைத்துப் பாருங்கள்: மார்ஜினில் எழுதப்பட்டது பக்கத்துக்கு உள்ளேதான் இருக்கிறது, ஆனால் யாரும் அதை முதலில் வாசிப்பதில்லை. இன்றைய நிலைமைக்கு இது பொருத்தமான சொல். 1948இல் நடந்ததற்கு இது போதாது. அந்த ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரைப் பக்கத்தின் ஓரத்துக்குத் தள்ளவில்லை. பக்கத்திலிருந்தே வெட்டி எடுத்தது. அதற்கு ஆங்கிலத்தில் 'எக்ஸ்குளூட்' என்ற வலுவான சொல் இருக்கிறது, 'ஸ்டேட்லெஸ்' என்ற துல்லியமான சொல் இருக்கிறது. எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்க 2003இல்தான் சட்டம் வந்தது. இடையில் இருந்த அந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளை மார்ஜினலைஸ்ட் என்ற மென்மையான சொல்லுக்குள் போட்டு மூடுவதை நான் ஏற்பதில்லை. பிள்ளைகள் கட்டுரை எழுதும்போது இந்த இரண்டையும் பிரித்து எழுதட்டும்.

இவ்வளவு சொற்களையும் ஒரே நேரத்தில் பழக்க வேண்டுமானால் கிரிக்கெட் போதும். பந்து துடுப்பின் ஓரத்தில் உரசிப் போனால் எட்ஜ். துடுப்பு அங்கே முடிகிறது. மைதானத்தைச் சுற்றிக் கயிறு போட்டிருப்பது பவுண்டரி. அது எங்கே என்பதை ஆட்டத்துக்கு முன்பு தீர்மானிக்கிறார்கள், மைதானத்துக்கு மைதானம் மாறும். ஒருநாள் ஆட்டம் 'லிமிட்டட் ஓவர்ஸ்'. ஐம்பதுக்கு மேல் வீச முடியாது. 1996 மார்ச் 6ஆம் திகதி கண்டி அஸ்கிரிய மைதானத்தில் இலங்கை கென்யாவுக்கு எதிராக 5 விக்கெட்டுக்கு 398 ஓட்டங்கள் குவித்தது. கென்யா 7 விக்கெட்டுக்கு 254இல் நின்றது. இடையிலிருந்த 144 ஓட்டங்கள் வெற்றியின் மார்ஜின். எட்ஜ் ஆன பந்து பவுண்டரிக்குப் போவதைத் தினமும் தொலைக்காட்சியில் பார்க்கும் பிள்ளை, இரண்டும் ஒன்றல்ல என்பதை ஏற்கெனவே அறிந்திருக்கிறான். அறிந்திருக்கிறான் என்பதை அவனுக்குச் சொல்ல வேண்டியது மட்டும்தான் உங்கள் வேலை.

ரிம், பிரிம் இரண்டும் வட்டமான பொருள்களுக்கு. தேநீர்க் கோப்பையின் வாய் வளையம் ரிம். சைக்கிள் சக்கரத்தின் இரும்பு வளையம் ரிம். மூக்குக் கண்ணாடியின் சட்டம் ரிம். பிரிம் என்றால் அதே கோப்பையை உள்ளிருக்கும் தேநீரின் பக்கமிருந்து பார்க்கிறோம்: தளும்பும் அளவுக்கு நிரம்பியிருக்கிறது. அடைமழைக் காலத்தில் காசல்ரீ, மவுஸாகலை நீர்த்தேக்கங்கள் நிரம்பி வான் பாயத் தயாராக நிற்கும்போது 'ஃபுல் டு த பிரிம்' என்று எழுதலாம். தொப்பியைச் சுற்றி நீண்டிருக்கும் விளிம்பும் பிரிம் என்பதைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரிங்க், வெர்ஜ் இரண்டையும் பிள்ளைகள் ஒன்றாகவே எழுதுகிறார்கள். பல இடங்களில் அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் பிரிங்க்குக்கு அப்பால் இருப்பது பள்ளம். உலக முடிவின் எட்ஜில், இன்னும் ஓர் அடி முன்னே வைத்தால் விழுந்துவிடுவார் என்ற நிலையில் ஒருவர் நிற்கும் இடம் பிரிங்க். ஆகவே போர், பஞ்சம், அழிவு, வங்குரோத்து போன்றவற்றோடுதான் இது இயல்பாகச் சேரும். 2022 தொடக்கத்தில் ஆங்கிலச் செய்திகள் இலங்கையைப் பற்றி இந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதின. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்த பிறகு, கடன் விடயத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லாமல் போனது. விழுந்துவிட்டவரைப் பற்றி விளிம்பில் நிற்கிறார் என்று சொல்ல முடியாதல்லவா? இதை அப்படியே வகுப்பில் சொல்லுங்கள்.

வெர்ஜ் அவ்வளவு பயங்கரமானது அல்ல. அப்பால் இருப்பது ஒரு மாற்றம், நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். அழுகை வரப்போகிறது, வெற்றி கிடைக்கப்போகிறது, ஓர் இனம் அழிந்துபோகப்போகிறது. மூன்றுக்கும் வெர்ஜ் பொருந்தும். "பிள்ளை சித்தியடையும் தறுவாயில் இருக்கிறாள்" என்பதற்குப் பிரிங்க் எழுதினால், பிள்ளைக்கு ஏதோ ஆபத்து என்று வாசிப்பவர் பதறிப்போவார். வீதியின் தாருக்கும் கானுக்கும் இடையில் புல் வளர்ந்த துண்டு நிலம் இருக்குமே, பிரித்தானிய ஆங்கிலத்தில் அதற்கும் வெர்ஜ் என்றே பெயர்.

மீதிச் சொற்களுக்கு அதிகம் தேவையில்லை. ஃபிரின்ஜ் என்றால் முந்தானையின் குஞ்சம் போலக் கலைந்து முடியும் ஓரம். காடு மெல்ல மெல்லக் குறைந்து தேயிலையோடு கலக்கும் இடத்துக்கு நல்ல சொல். பெரிமீட்டர் என்றால் சுற்றளவு, அல்லது சுற்றி அடைத்த வேலி. அளக்கவும் காவல் காக்கவும் பயன்படும் சொல். அவுட்ஸ்கர்ட்ஸ் என்றால் நகரத்தின் புறப்பகுதி, எப்போதும் பன்மையில் மட்டுமே வரும். ஒலியில் நெருங்கி வரும் மூன்று சொற்களையும் எச்சரித்துவிடுங்கள்: ஹெட்ஜ் என்பது உயிர்வேலி, லெட்ஜ் என்பது பாறையில் தட்டுப் போல நீண்டிருக்கும் இடம், ரிட்ஜ் என்பது மலையின் முகடு. மூன்றுமே எட்ஜ் அல்ல. தமிழில் எழுதும்போது எச் ஒலியை விழுங்கிவிடும் பிள்ளைகளுக்கு முதலாவதில் தனிப் பயிற்சி வேண்டும்.

கடைசியாக, சொல் சரியாக இருந்தும் புள்ளி போகும் இடம் ஒன்று உண்டு: முன்னால் வரும் இடைச்சொல். வெர்ஜுக்கும் பிரிங்க்குக்கும் முன்னால் பெரும்பாலும் 'ஒன்' வரும். எட்ஜுக்கு 'ஒன்' என்றால் விளிம்பின் மேலேயே இருக்கிறது, 'அட்' என்றால் விளிம்புக்கு அருகில் இருக்கிறது. மேசை ஓரத்தில் வைத்த கோப்பைக்கு முன்னது, காட்டோரம் இருக்கும் லயத்துக்குப் பின்னது. மார்ஜினுக்கு 'இன்', ஏனென்றால் அது இடம். போர்டரைத் தாண்டுவது 'அக்ரொஸ்'. லிமிட்டுக்கு உள்ளே 'வித்இன்', வெளியே 'பியொண்ட்'. வெர்ஜ், பிரிங்க் இரண்டுக்கும் பின்னால் 'ஒவ்' வந்து, அதன்பின் பெயர்ச்சொல்லோ 'இங்' சேர்ந்த வினையோ வர வேண்டும். வினையின் மூலவடிவத்தை அங்கே எழுதும் பிழையைத்தான் விடைத்தாள்களில் அதிகம் பார்க்கிறேன்.